ஒரு தம்ளர் ஐஸ் தண்ணீர்

1986 பிப்ரவரி 11. வாஷிங்டனில் விசாரணைக் குழுவின் பகிரங்க அமர்வு நடக்கிறது. குழு உறுப்பினர் ஒருவர் ஐஸ் தண்ணீர் கேட்டுக் காத்திருக்கிறார். வந்ததும், ஹார்டுவேர் கடையில் வாங்கிவந்த கிளாம்ப் ஒன்றில் ரப்பர்த் துண்டை இறுக்கித் தம்ளருக்குள் போடுகிறார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துத் தளர்த்துகிறார். ரப்பர் உடனே நிமிரவில்லை. சில நொடிகள் நசுங்கியபடியே கிடக்கிறது. ஏழு பேரோடு சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்ட 73-வது நொடியில் ஏன் சிதறியது என்று அதுவரை வரைபடங்களையும் கலைச்சொற்களையும் கேட்டுக் களைத்திருந்த நிருபர்களுக்கு அன்று விஷயம் விளங்கிவிட்டது.

அந்த உறுப்பினர் ரிச்சர்ட் ஃபைன்மேன், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர். அந்த ஐஸ் தண்ணீரை நோக்கியே நகரும் கதைதான் 2013-இல் பிபிசியில் வெளியான 'தி சேலஞ்சர்' என்ற தொலைக்காட்சி நாடகம். அமெரிக்காவில் அதே ஆண்டு நவம்பரில் 'தி சேலஞ்சர் டிசாஸ்டர்' என்று பெயர் மாறி ஒளிபரப்பானது. ஃபைன்மேனாக வில்லியம் ஹர்ட். குழுத் தலைவர் வில்லியம் ரோஜர்ஸாக பிரையன் டென்னஹி. விமானப்படை ஜெனரல் குட்டினாவாக புரூஸ் கிரீன்வுட்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடலாம். விபத்து நாடகம் என்றால் விபத்தையே விருந்தாக்கும் ஆசை எவருக்கும் வரும். கூட்டம் வானத்தைப் பார்ப்பது, புகை இரண்டாகப் பிரிவது, குடும்பத்தாரின் முகங்கள்: உலகமே நூறு முறை பார்த்த காட்சிகள் அவை. இந்த நாடகம் அவற்றில் மூழ்காமல், விபத்துக்குப் பிந்தைய காகிதங்களிலும் தாழ்வாரப் பேச்சுகளிலும் விறுவிறுப்பைத் தேடுகிறது. புற்றுநோயோடு போராடும் ஃபைன்மேனின் களைப்பை ஹர்ட் மிகைப்படுத்தாமல் சுமக்கிறார். நிஜ ஃபைன்மேனும் 1988 பிப்ரவரியில் இறந்துபோனார்.

விஞ்ஞானத்தைப் பாமரருக்குக் கொண்டுபோவதிலும் நாடகம் தேறிவிடுகிறது. ஓடத்தின் பக்கவாட்டு ராக்கெட்டுகள் துண்டு துண்டாகச் செய்து பொருத்தப்பட்டவை. பொருத்துகளில் எரிவாயு கசியாமல் அடைத்தவை சுமார் 7 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட 'ஓ-ரிங்' எனும் ரப்பர் வளையங்கள். நம் வீட்டு குக்கர் கேஸ்கெட்டின் வேலைதான். தளர்ந்த கேஸ்கெட்டை ஃப்ரீசரில் வைத்து விறைப்பேற்றும் வீட்டுக்காரர்களுக்குக் குளிர் ரப்பரை என்ன செய்யும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சிக்கலும் அந்தத் தம்ளரிலேயே இருக்கிறது. அதைப் பார்த்து முடிக்கும்போது, ஒரு மேதை வந்து கண்டுபிடிக்கும்வரை குளிரின் அபாயம் எவருக்கும் தெரியாது என்ற எண்ணம் மனத்தில் தங்கிவிடுகிறது. உண்மை வேறு. 1985 ஜனவரியில் ஏவப்பட்ட ஓடத்தில், 12 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்ந்திருந்த வளையங்களைத் தாண்டிக் கரும்புகை கசிந்திருந்ததை, ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் பாய்ஷலி கண்ணால் பார்த்திருந்தார். அந்த நிறுவனமே சோதனையும் நடத்தியது. 24 டிகிரியில் நசுங்கிய வளையம் மீண்டும் உலோகத்தைத் தொட 2.4 நொடி பிடித்தது. 10 டிகிரியில் பத்து நிமிடம் காத்திருந்தும் தொடவில்லை. உயிர்ச்சேதம் நேரும் என்று 1985 ஜூலையிலேயே பாய்ஷலி எழுத்தில் எச்சரித்தார். ஆக, தம்ளரில் நடந்தது கண்டுபிடிப்பல்ல, அலுவலகக் கோப்பில் கிடந்த உண்மையின் அரங்கேற்றம். அரங்கேற்றத்துக்கும் தேவை இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

உண்மையான நாடகம் விபத்துக்கு முந்தைய நாள், 1986 ஜனவரி 27-ஆம் தேதி இரவே நடந்து முடிந்துவிட்டது, தொலைபேசியில். யூட்டா, அலபாமா, ஃப்ளோரிடா ஆகிய மூன்று இடங்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர். ஓர் ஊர்க்காரர் முகம் இன்னோர் ஊர்க்காரருக்குத் தெரியாது. 12 டிகிரிக்குக் கீழே ஏவ வேண்டாம் என்கிறார்கள் தயோக்கால் பொறியாளர்கள். நாசா தரப்பு எரிச்சலடைகிறது. ஐந்து நிமிடம் தனியே பேசிக்கொள்கிறோம் என்று இணைப்பிலிருந்து விலகிய தயோக்கால்காரர்கள் அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்புகிறார்கள். அந்த அரை மணி நேரத்தில், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி தொழில்நுட்பத் துணைத்தலைவரிடம் மேலதிகாரி சொல்கிறார். முடிவு மாறுகிறது. கையெழுத்திட்ட சம்மதம் ஃபேக்ஸில் போய்ச் சேர்கிறது. மறுநாள் காலை ஏவும்போது வெப்பநிலை வெறும் 2 டிகிரி.

இதில் யாரும் கத்தவில்லை, யாரும் வில்லனில்லை. ஆளாளுக்குத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். சமூகவியலாளர் டயேன் வாகன் இந்த முடிவை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட நூலில் சொல்வதும் இதைத்தான்: கோளாறு ஒவ்வொரு முறையும் ஆபத்தில்லாமல் கழிந்துபோக, கோளாறே வழக்கமாகிவிட்டது. தொலைக்காட்சிக்கு ஒத்துவராத விஷயம் இது. வழக்கத்துக்கு முகம் கிடையாது, க்ளோஸ்-அப் வைக்க முடியாது.

நாடகம் இரண்டு நூல்களை அடிப்படையாகக் கொண்டது. ஒன்று ஃபைன்மேனின் நினைவுக்குறிப்பு. மற்றொன்று தயோக்கால் பொறியாளர் ஆலன் மெக்டொனால்டு, ஜேம்ஸ் ஹேன்சனுடன் சேர்ந்து எழுதியது. அன்றிரவு ஏவுதளத்தில் இருந்த மெக்டொனால்டு சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட மறுத்தார். அதனால்தான் ஃபேக்ஸ் யூட்டாவிலிருந்து வர வேண்டியிருந்தது. தம்ளர் காட்சிக்கு முந்தைய நாள், பிப்ரவரி 10, மூடிய அமர்வில் பின்னாலிருந்து எழுந்து, ஏவ வேண்டாமென்று தாங்கள் பரிந்துரைத்ததைக் குழுவிடம் உடைத்தவரும் அவரே. சம்பளம் தரும் நிறுவனத்தையும் அதற்கு ஒப்பந்தம் தந்த நாசாவையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொண்ட மனிதர். இரண்டு நூல் கையிலிருந்தும் கதாநாயக நாற்காலியை நோபல் பரிசுக்காரருக்குத் தந்தது சந்தைக்கு ஏற்ற தேர்வு. ஃபைன்மேனுக்கு இழப்பதற்கு வேலை இல்லை. மெக்டொனால்டுக்கு இருந்தது.

ஃபைன்மேனின் 'சொந்த' யோசனையும் சொந்தமல்ல என்பது இன்னொரு சுவாரசியம். காரின் கார்புரேட்டரைச் சரிசெய்தபோது தோன்றியதாக, குளிரில் ரப்பர் வளையம் என்னவாகும் என்று போகிற போக்கில் கேட்டுவைத்தவர் குட்டினா. அவருக்குத் தகவல் தந்தது யார் என்பது கால் நூற்றாண்டு ரகசியம். 2012-இல் சாலி ரைடு இறந்த பிறகுதான் குட்டினா வாய் திறந்தார். விண்வெளிக்குச் சென்ற முதல் அமெரிக்கப் பெண்ணும் விசாரணைக் குழு உறுப்பினருமான ரைடே வெப்பநிலைக்கும் வளையத்தின் மீள்திறனுக்குமான எண்கள் கொண்ட ஒரு தாளைப் பேசாமல் அவர் கையில் கொடுத்திருந்தார். ரைடு அப்போது நாசா ஊழியர். ஜெனரல் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. தாங்கள் சிக்காமல் உண்மையை வெளியே தள்ள, சிக்கினாலும் கவலைப்படாத ஒருவர் தேவைப்பட்டார். ஃபைன்மேனே தன் நூலில், தான் வழிநடத்தப்பட்டதைப் பின்னால் உணர்ந்ததாக ஒப்புக்கொள்கிறார். பரிசோதனையை அவசரப்பட்டுத் தொடங்கப்போனவரைச் சரியான தருணத்துக்காகக் காத்திருக்க வைத்ததும் குட்டினாதான். மேடை இயக்குநர் என்றே சொல்லலாம்.

1990-இல் ஏபிசி ஒளிபரப்பிய 'சேலஞ்சர்' தொலைக்காட்சிப் படத்தை இங்கே நினைத்துப் பார்ப்பது நல்லது. ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃபாக கேரன் ஆலன், பாய்ஷலியாக பீட்டர் பாயில். ஏழு பேரின் இல்லறத்துக்கும் இடம் தரப்போய் நீண்டு நெளியும் படம். நேர்த்தியில் பிபிசி நாடகத்துக்கு ஈடில்லை. ஆனால் பொறியாளர்களின் அச்சத்தை விபத்துக்கு முன்னாலேயே, அது இன்னும் தடுக்கக்கூடியதாக இருந்த நேரத்திலேயே அது காட்டுகிறது. பிந்தைய நாடகத்தில் கதை சூடு பிடிக்கும்போது எல்லாம் முடிந்துபோன சங்கதி. விடை தெரிந்த புதிரை அவிழ்ப்பதில் சுகம் உண்டு, பதற்றம் இல்லை.

ஃபைன்மேன் விட்டுச்சென்றவற்றில் தம்ளரைவிட கனமானது விசாரணைக் குழு அறிக்கைக்கு அவர் எழுதிய பின்னிணைப்பு. ஓடம் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பை நிர்வாகிகள் லட்சத்தில் ஒன்று என்றார்கள். பொறியாளர்கள் நூறில் ஒன்று என்றார்கள். அந்த இடைவெளியைத்தான் அவர் குறிவைத்தார். பின்னால் வந்த கணக்கு: மொத்தம் 135 பயணங்கள், இழந்தவை 2.

அந்த இரண்டாவது, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரைப் பலிகொண்ட கொலம்பியா. 2003 ஜனவரியில் புறப்படும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இறக்கையில் மோதியது. அதுவும் பல பயணங்களில் நடந்து பழகிப்போன கோளாறு. அந்த விசாரணைக் குழுவிலும் சாலி ரைடு இருந்தார். அறிக்கை நுரையை மட்டும் சாடாமல் நாசாவின் பழக்கங்களையும் சேர்த்தே சாடியது.

கொலம்பியா சுற்றுப்பாதையில் இருந்தபோது, சேதத்தைப் படமெடுத்துப் பார்க்கும்படி கேட்டவர்களில் நாசா பொறியாளர் ரோட்னி ரோச்சாவும் ஒருவர். மேலிடம் மறுத்தது. கடுமையான வார்த்தைகளில் அவர் ஒரு மின்னஞ்சல் தட்டினார், அச்செடுத்தார், உடன் வேலை செய்தவரிடம் காட்டினார். மேலே அனுப்பவில்லை. அனுப்பாத அந்த மின்னஞ்சலை எந்த நடிகர் கையில் கொடுத்து, எந்த மேசையில் வைத்துப் படமெடுப்பது?