சாமானியரின் சுவைப்பும் முற்போக்குத் திறனாய்வும்

ஈழத்துத் தமிழ்த் திறனாய்வு எழுத்தாளனைப் பற்றி நிறையவே பேசியுள்ளது. படைப்பைப் பற்றியும், அப்படைப்புத் தோன்றிய சமூகப் பின்னணி பற்றியும் விரிவாக ஆராய்ந்துள்ளது. ஆயின், பகல் முழுவதும் உழைத்துவிட்டு மாலையிலே கிரிக்கெற் வர்ணனைக்குக் காதுகொடுப்பவனும், சனிக்கிழமை இரவு இரண்டாங் காட்சிக்குப் போகிறவனும், அடுப்படி வேலை ஓய்ந்தபின் இரவல் வாங்கிய காதல் நாவலைப் படிக்கிறவளும் அத்திறனாய்வின் பக்கங்களில் அரிதாகவே இடம்பெற்றுள்ளனர். இடம்பெறும் வேளைகளிலும் அவர்கள் ‘இரசனை கெட்டவர்கள்’ அல்லது ‘ஏமாற்றப்பட்டவர்கள்’ என்னும் இரு சொற்களுள் ஒன்றினால் தீர்ப்பளிக்கப்பட்டு விடுகின்றனர். முதலாவது சொல் மரபுவாதப் பண்டிதர்களுடையது, இரண்டாவது எம்மவர்களுடையது. சொற்கள் வேறாயினும் இரண்டுக்கும் பொதுவான ஓர் எடுகோள் உண்டு: அம்மக்கள் தாம் எதனை ஏன் விரும்புகின்றனர் என்பதை அறியார், அதனை நாமே அவர்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும் என்பதே அது. மக்களை வரலாற்றின் கருத்தாக்கள் எனக் கொள்ளும் ஒரு தத்துவத்திற்கு இந்த எடுகோள் பொருந்துமா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா.

இவ்வினா வெறும் கோட்பாட்டு வினா அன்று. 1954 இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் காலந்தொட்டு, தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் ஆதிக்கத்திற்கு எதிரான குரல் எமது இலக்கிய இயக்கத்தின் முக்கிய கூறுகளுள் ஒன்றாக இருந்துவந்தது. 1970 இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்தில் அச்சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனாற் கிடைத்த இடைவெளியில் வீரகேசரிப் பிரசுரங்கள் போன்ற முயற்சிகள் தழைத்தன. உள்ளூர் எழுத்தாளர் பலர் முதன்முறையாகப் பரந்த வாசகர் கூட்டத்தை அடைந்தனர். இந்நன்மையைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆனால், 1977 இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் அதே சஞ்சிகைகள் அதே வாசகரிடம் முன்னிலும் வேகமாக வந்து சேர்ந்தன. வேலி அகற்றப்பட்டதும் வாசகர் பழைய இடத்துக்கே சென்றனர் எனின், வேலி நின்ற காலத்தில் அவர்களது விருப்பம் பற்றி நாம் எதனை அறிந்துகொண்டோம்? சந்தை கட்டுப்படுத்தப்பட்டதேயன்றிச் சுவைப்பின் வேர்கள் ஆராயப்படவில்லை என்பதே உண்மை.

இதே ஆண்டுகளுக்குரிய இன்னோர் உதாரணம் ‘பொன்மணி’ திரைப்படமாகும். சிங்களத் திரையுலகின் முற்போக்கு நெறியாளருள் முதன்மையானவரான தர்மசேன பத்திராஜ 1977 இல் தமிழில் உருவாக்கிய இப்படம், யாழ்ப்பாணச் சமூகத்தின் சாதி, சீதனம், பெண்ணின் அடக்கப்பட்ட வாழ்வு ஆகியவற்றை நிதானமான காட்சிமொழியில் முன்வைத்தது. அதன் கலைப்பெறுமானம் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டதாகும். எனினும் வணிக ரீதியில் அது தோல்வியடைந்தது. தென்னிந்தியப் படங்களால் மக்களின் இரசனை கெடுக்கப்பட்டிருந்தமையே இத்தோல்விக்குக் காரணம் என்பது எளிதாகச் சொல்லப்படக்கூடிய விளக்கம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் சீதனத்தினாலும் சாதியினாலும் அன்றாடம் அழுத்தப்படும் ஒருத்தி, தன் உழைப்பின் ஊதியத்திலிருந்து பணம் கொடுத்து அரங்கினுள் நுழையும்போது, அவ்வழுத்தத்தை உள்ளவாறே மீண்டும் காண்பதற்கா வருகிறாள் என்னும் கேள்வியை அவ்விளக்கம் கேட்கவில்லை. தோல்வியை முழுவதும் பார்வையாளரின் கணக்கில் எழுதிவிட்டால் திறனாய்வாளனுக்குக் கற்றுக்கொள்ள எதுவும் எஞ்சுவதில்லை.

மார்க்சியச் சிந்தனை மரபிலே இப்பிரச்சினை குறித்து இரு வேறு போக்குகள் காணப்படுகின்றன. ஹோர்க்கைமர், அடோர்னோ ஆகியோர் 1944 இல் எழுதி முடித்து 1947 இல் நூலுருவில் வெளியிட்ட ‘அறிவொளியின் இயங்கியல்’, பொழுதுபோக்கினை ஒரு கைத்தொழிலாகக் கண்டது. பிந்திய முதலாளித்துவத்தில் கேளிக்கை என்பது உழைப்பின் தொடர்ச்சியே. மறுநாள் இயந்திரத்தின் முன் மீண்டும் நிற்பதற்காகத் தொழிலாளியைப் பழுதுபார்க்கும் ஏற்பாடே அது என்பது அவர்களது வாதத்தின் சாரம். இதற்கு மாறாக, சிறைக்குறிப்புகளை எழுதிய கிராம்சி வேறொரு வினாவை எழுப்பினார். இத்தாலியப் பொதுமக்கள் பிரெஞ்சுத் தொடர்கதைகளை ஏன் விரும்பிப் படிக்கின்றனர்? அவர் கண்ட விடை மக்களைக் குற்றஞ்சாட்டவில்லை. இத்தாலியப் புத்திஜீவிகள் தம் மக்களது உணர்வுலகிலிருந்து அந்நியப்பட்டிருந்தமையையே சுட்டியது. ட்ரொட்ஸ்கியும் 1923 இல் மதுவையும் தேவாலயத்தையும் சினிமாவையும் ஒருங்குவைத்து எழுதிய கட்டுரையில், தொழிலாளியின் கேளிக்கை விருப்பம் நியாயமானது என்றும், அதனை அடக்குவதைவிட மேலான வழியில் நிறைவுசெய்வதே புரட்சியின் கடமை என்றும் வாதித்தார்.

இவ்விரு போக்குகளுள் ஒன்றைத் தெரிந்து மற்றையதைத் தள்ளிவிட முடியாது. ஓய்வுநேரம் தானாகக் கிடைத்த ஒன்றன்று. வேலைநாளின் நீளம் பற்றிய நெடும் போராட்டத்திலே உழைக்கும் மக்கள் வென்றெடுத்த பொருள் அது. வென்றெடுத்த அந்நேரத்தையே மூலதனம் மீண்டும் ஒரு சந்தையாக்கிக் கொண்டது. ஆகவே சாமானியரின் இன்பம் ஒரே வேளையில் போராட்டத்தின் பேறாகவும் இலாபத்தின் களமாகவும் உள்ளது. விளையாட்டு, சினிமா, காதற்கதை ஆகிய மூன்றிலும் இம்முரண்பாடு எவ்வாறு செயற்படுகின்றது என்பதை இனி நோக்கலாம்.

கிரிக்கெற் குடியேற்றவாதத்துடன் வந்த ஆட்டம். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே 1904 முதல் நடைபெற்றுவரும் ‘வடக்கின் போர்’ மிசனரிக் கல்வியின் பிள்ளையே. எனினும், ஓர் ஆட்டத்தின் பிறப்பிடமே அதன் பொருளை முடிவுசெய்வதில்லை. திரினிடாட்டின் மார்க்சிய அறிஞர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963 இல் வெளியிட்ட ‘எல்லைக்கோட்டுக்கு அப்பால்’ என்னும் நூல் இதனை வலுவாக நிறுவியது. வெள்ளையரே மேற்கிந்தியத் தீவுகளின் அணித்தலைவராக இருக்கலாம் என்ற வழமைக்கு எதிராக அவர் நடத்திய இயக்கமும், 1960 இல் பிராங் வொரெல் தலைவரானமையும் ஆடுகளம் அரசியற்களமாகவும் அமைவதைக் காட்டின. ஆட்டத்தின் விதி எல்லோருக்கும் ஒன்று என்ற வாக்குறுதியை, அவ்வாக்குறுதியை அளித்தவர்களுக்கு எதிராகவே குடியேற்ற நாட்டு மக்கள் பயன்படுத்தினர்.

முத்தையா முரளிதரனின் பந்துவீச்சினை மலையகத்து இளைஞர் இரசித்தமையை இவ்வொளியிலே நோக்குதல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கைகளாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. 2003 இன் சட்டத்தின் பின்னரே நாடற்ற நிலை பெருமளவு தீர்ந்தது. இதற்கு இடைப்பட்ட 1996 இல் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது, தோட்டத்திற்கு வந்த ஒருவரின் பேரனான முரளிதரன் அவ்வணியில் இருந்தார். முந்திய ஆண்டு திசம்பரில் மெல்பேர்ண் மைதானத்தில் அவரது பந்துவீச்சு விதிக்கு மாறானதென நடுவரொருவர் அறிவித்திருந்தார். ‘நீ இவ்வாட்டத்திற்கு உரியவன் அல்லன்’ என்ற தீர்ப்பினை வேறொரு களத்திலே தலைமுறைகளாகக் கேட்டுவந்த ஒரு மக்கட் கூட்டத்திற்கு, 2010 இல் காலியில் அவர் தமது 800 ஆவது விக்கெற்றை வீழ்த்தியமை வெறும் எண்ணாக இருந்திருக்க முடியுமா? அதேவேளை, முரளிதரன் தொழிலதிபர் குடும்பத்தில் பிறந்தவர் என்பதையும், அவரது வெற்றியினால் கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளம் ஒரு சதமேனும் உயரவில்லை என்பதையும் மறத்தலாகாது. இன்பம் உண்மையானது; அது எதனையும் மாற்றிவிடவில்லை என்பதும் உண்மையானது.

சினிமாவைப் பொறுத்தவரை, கா. சிவத்தம்பி 1981 இல் வெளியிட்ட ஆய்விற் கூறிய கருத்து அடிப்படையானது. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலை நுகர்ந்த முதலாவது அரங்கு திரையரங்கே. அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சமூகப் படிநிலை அன்று, வாங்குந்திறனே என்பது அக்கருத்து. 1968 இல் மாவிட்டபுரத்திலே ஆலயப் பிரவேசத்திற்காகப் போராட நேர்ந்த ஒரு சமூகத்தில் இதன் பொருள் சிறிதன்று. கோயில் வாசலில் மறிக்கப்பட்டவன் திரையரங்கில் காசு கொடுத்து உள்ளே சென்றான். ஆனால், கலரிக்கும் பல்கனிக்கும் இடையிலான தூரம் அங்கும் இருந்தது. சாதியின் இடத்தைப் பணம் எடுத்துக்கொள்ளும் வரலாற்றுப் பெயர்ச்சி அவ்விருட்டு மண்டபத்தில் நாள்தோறும் மூன்று காட்சிகளாக நிகழ்ந்தது எனலாம்.

திரையில் நிகழ்ந்ததும் இத்தகையதே. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992 இல் வெளியிட்ட, எம்.ஜி.ஆர். பற்றிய ஆங்கில நூல் கிராம்சியின் கருத்துகளைத் துணைக்கொண்டது. அடித்தள மக்களின் கதைப்பாடல் வீரர்களிடமிருந்து பெற்ற கூறுகளால் அந்நாயகபிம்பம் எவ்வாறு கட்டப்பட்டது என்பதை அது விளக்கியது. பண்ணையாரை எதிர்த்து நிற்கும் கூலியாள் மக்களின் அனுபவத்திலிருந்தே திரைக்குச் சென்றான். ஆனால் திரையில் அவன் தனியனாக வென்றான். சங்கமும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. நல்லவன் ஒருவனின் கை மட்டுமே இருந்தது. மக்களின் கோபம் திரையில் மதிக்கப்பட்டது. அவர்களது கூட்டுவலிமை திரையிலிருந்து நீக்கப்பட்டது. முதலாவதை மட்டும் காண்பவன் சினிமாவைப் புகழ்வான். இரண்டாவதை மட்டும் காண்பவன் இகழ்வான். இரண்டையும் ஒருங்கே காண்பதே திறனாய்வு.

காதல் நாவல்கள் இம்மூன்றிலும் மிகக் கூடிய ஏளனத்திற்கு உள்ளானவை. அவற்றின் வாசகர் பெரும்பாலும் பெண்களாக இருப்பது இவ்வேளனத்திற்குத் தொடர்பற்றது என நாம் கருதவில்லை. உதைபந்தாட்டத்தில் இரவைக் கழிக்கும் ஆணை நோக்கிப் பேசப்படாத ஒழுக்கவுரை, ரமணிசந்திரனின் நாவலைக் கையில் வைத்திருக்கும் பெண்ணை நோக்கித் தயக்கமின்றிப் பேசப்படுகின்றது. 1984 இல் ஜனிஸ் றாட்வே, அமெரிக்காவில் காதல் நாவல் வாசிக்கும் பெண்களிடமே நேரிற் சென்று கேட்டு எழுதிய ஆய்வு இங்கு பயன்படத்தக்கது. அப்பெண்களுக்கு, பிறருக்காகவே உழைக்கும் நாளொன்றில் ‘இந்த நேரம் எனக்குரியது’ என்று அறிவிக்கும் செயலாக வாசிப்பு அமைந்தது. எனினும் அவர்கள் வாசித்த கதையோ, அவ்வுழைப்பை அவர்கள்மீது சுமத்திய ஆணாதிக்க மணவாழ்வினையே இறுதியில் நியாயப்படுத்தியது. வாசிக்கும் செயலும் வாசிக்கப்படும் பொருளும் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன.

யாழ்ப்பாணச் சமூகத்தில் இதற்குத் தனித்த ஓர் அழுத்தம் உண்டு. திருமணம் என்பது இங்கு காணி, வீடு, நகை, ரொக்கம் ஆகியவற்றின் கைமாற்றமாகவும் உள்ளது. 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமை சீதனத்தைச் சட்டப்பொருளாகவே பதிவுசெய்துள்ளது. இச்சூழலில், செல்வந்தனான நாயகன் எதனையும் கேளாது ஒருத்தியை அவளுக்காகவே விரும்புகிறான் என்னும் வாய்பாடு வெறும் கனவுமட்டுமன்று. நடைமுறையிலுள்ள வழக்கத்தின் மீதான ஒரு மறைமுகக் கண்டனமுமாகும். தன்னை விலையின்றி ஒருவர் தெரிதல் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. ஆயின், நாவல் அக்கோரிக்கையை எவ்வாறு நிறைவேற்றுகின்றது? நாயகனிடம் ஏற்கெனவே வேண்டியளவு சொத்து இருப்பதனாலேயே அவன் சீதனம் கேட்பதில்லை. சொத்துடைமை உண்டாக்கிய பிரச்சினையைப் பெருஞ்சொத்துடைமையின் பெருந்தன்மை தீர்த்துவைக்கின்றது. கேள்வி வாசகியுடையது, விடை சொத்துடைய வர்க்கத்தினுடையது.

இம்மூன்று துறைகளிலும் ஒரே அமைப்பினைக் காண்கிறோம். விளையாட்டின் இன்பத்தில் எல்லோருக்கும் ஒரே விதி என்னும் நீதியின் வேட்கை உண்டு. சினிமாவின் இன்பத்தில் மதிப்புடன் நடத்தப்படும் வேட்கை உண்டு. காதற்கதையின் இன்பத்தில் தன் துணையைத் தானே தெரியும் வேட்கை உண்டு. இவை மூன்றும் முற்போக்கு இயக்கம் தனது பதாகைகளில் எழுதிய கோரிக்கைகளே. வணிகக் கலை இவற்றைப் புதிதாக உண்டாக்கவில்லை. வாழ்க்கை நிறைவேற்றாத இவற்றைக் கண்டெடுத்து, விலைக்கு விற்கத்தக்க வடிவிலே திருப்பித் தருகின்றது. அது தருவது பொய் என்பதற்காக, அது தொட்ட வேட்கையும் பொய் என முடிவுகட்டுவது கொச்சை மார்க்சியமேயாகும்.

எனினும், மக்கள் விரும்புவதெல்லாம் எதிர்ப்பே எனக் கொண்டாடும் அண்மைக்காலப் பண்பாட்டாய்வுப் போக்கினையும் நாம் ஏற்பதற்கில்லை. இன்பத்தின் பொருளாதாரம் முன்னைவிட இறுக்கமடைந்துள்ளது. மலையகத்தின் காமன்கூத்தில் இரசிகனே ஆட்டக்காரனாகவும் இருந்தான்; திரையரங்கில் அவன் கூட்டத்துள் ஒருவனாகவேனும் இருந்தான்; கைத்தொலைபேசியின் முன் அவன் தனியனாக இருக்கிறான், அவனது பார்வை நேரமே விளம்பரகாரருக்கு விற்கப்படும் பண்டமாகின்றது. 2020 இல் லங்கா பிறீமியர் லீக்கின் முதற் கிண்ணத்தை யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி வென்றது. ஆட்டங்கள் யாவும் நடந்தது அம்பாந்தோட்டையில். கொள்ளைநோய்க் காலத்தின் ஏற்பாடு அது என்பது மெய்யே. ஆயினும், ஊரின் பெயரை ஊரிலிருந்து பிரித்துச் சந்தைப்படுத்தல் இயலும் என்பதை அது தெளிவாகக் காட்டியது.

அவ்வாறாயின் முற்போக்குத் திறனாய்வின் பணி யாது? முதலாவதாக, சுவைப்போரிடம் சென்று கேட்கும் பழக்கம் வேண்டும். எமது பல்கலைக்கழகங்களில் நாவல்கள் பற்றிய ஆய்வுகள் பல உள. நாவல் வாசிப்போர் பற்றியவை மிகச் சில. இரண்டாவதாக, மக்களின் வேட்கைக்கும் வணிகம் அதற்கு அளிக்கும் முடிவுக்கும் இடையிலுள்ள இடைவெளியைத் துல்லியமாகச் சுட்டுதல் வேண்டும். திறனாய்வு நுழையவேண்டிய இடம் அவ்விடைவெளியே. மூன்றாவதாக, எம்மவர் படைப்புகள் துயரத்தின் பதிவாக மட்டும் அமையாது, சிரிப்பையும் ஆட்டத்தையும் காதலையும் தமக்குரியனவாகக் கொள்ளுதல் வேண்டும். உழைக்கும் மக்கள் ரொட்டிக்காக மட்டும் போராடவில்லை, ஓய்வுக்காகவும் போராடினர். அவ்வோய்வினை அவர்கள் மகிழ்ச்சியால் நிரப்ப முயல்வதை ஒரு குறைபாடாக நோக்கும் திறனாய்வு, அப்போராட்டத்தின் பாதியை மறுப்பதாகவே முடியும்.