அரசு இலச்சினைகளுக்கு ஏன் இரட்டைப் பூட்டு?

விக்கிப்பீடியாக்களின் பொதுப் படக்கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் அரசுத் துறை இலச்சினையை ஏற்றும் பலர் செய்வது இதுதான்: துறையின் தளத்திலிருந்து படத்தை எடுக்கிறார்கள், அல்லது பார்த்துக் கணினியில் வரைகிறார்கள்; படிவத்தில் 'சொந்தப் படைப்பு' என்று குறித்து, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த உரிமத்தை வழங்க அவர்களுக்கு அதிகாரமே இல்லை. பார்த்து வரைந்தாலும் மூல வடிவம் துறையுடையதுதான். யாராவது நீக்கல் கோரிக்கை வைத்தால், வழக்கமாக ஏழு நாள் விவாதம்; பிறகு படம் போய்விடும். அது இடம்பெற்ற எல்லா மொழிக் கட்டுரைகளிலிருந்தும் தானியங்கி ஒன்று இணைப்பை எடுத்துவிடும்.

பொதுவகத்தின் இந்தக் கறார் தேவையானது. அங்குள்ள படத்தை எவரும் திருத்தலாம், விலைக்கு விற்கும் நூலிலும் அச்சிடலாம். அந்த வாக்குறுதியை நம்பியவர் பின்னால் வழக்கில் சிக்கக் கூடாது. உரிமையாளரின் அனுமதியின்றியே வரம்புக்குள் பயன்படுத்த இடம்தரும் 'நியாயமான பயன்பாடு' என்ற சலுகைக்கும் அங்கே இடமில்லை. ஆனால் இதனால் அதிகம் இழப்பவை ஆள்பலம் குறைந்த மொழிகள். பொதுவகத்தில் ஒருமுறை ஏற்றினால் எல்லா மொழி விக்கிப்பீடியாக்களும் பயன்படுத்தலாம். அந்த வழி அடைபட்டால், நியாயமான பயன்பாட்டை ஏற்கும் ஒவ்வொரு மொழி விக்கிப்பீடியாவிலும் தனியே ஏற்றி, தனியே காரணமும் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு ஆளுண்டு. தமிழில் அந்த வேலை ஒரு சிலர் தலையில் விழுகிறது.

குறை சட்டத்தில் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, அரசுப் படைப்புக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு பாதுகாப்பு. 2014-இல் வெளிவந்த இலச்சினை 2074 முடியும்வரை பூட்டிக் கிடக்கும். 2017-இல் வந்த இந்திய அரசின் திறந்த தரவு உரிமம் நம்பிக்கை தந்தது. அதைக் காட்டி அரசு வெளியிட்ட ஒளிப்படங்கள் பல பொதுவகத்தில் ஏறின. ஆனால் அந்த உரிமமே இலச்சினைகளையும் அதிகாரபூர்வச் சின்னங்களையும் வெளிப்படையாக விலக்கிவைக்கிறது. பிரிட்டனின் திறந்த அரசு உரிமமும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

இலச்சினைகளைத் திறந்துவிட்டால் மோசடிக்காரர்கள் அவற்றைப் போலி வேலைவாய்ப்பு விளம்பரங்களில் ஒட்டிக்கொள்வார்களே என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அதைத் தடுப்பது பதிப்புரிமை அல்ல. சாரநாத் சிங்கமுகச் சின்னத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1950-இல் ஏற்கப்பட்ட அதன் வடிவத்துக்கு அரசுப் படைப்பு என்ற கணக்கில் 2010-உடன் 60 ஆண்டு முடிந்தது. ஆனாலும் அனுமதியின்றித் தொழிலுக்குப் பயன்படுத்தினால் 2005-ஆம் ஆண்டின் தேசியச் சின்னச் சட்டம் பாயும். நாட்டின் தலையாய சின்னத்துக்கே அந்தக் காவல் போதுமென்றால், ஒரு வாரியத்தின் இலச்சினைக்குப் பதிப்புரிமை என்ற இரண்டாவது பூட்டு எதற்கு?

அமெரிக்காவில் கூட்டரசுப் படைப்புகளுக்குப் பதிப்புரிமை கிடையாது. அங்கும் 2010-இல் எப்.பி.ஐ. தன் முத்திரையை விக்கிப்பீடியாவிலிருந்து நீக்கச் சொன்னது. எப்.பி.ஐ. காட்டிய சட்டம் போலி அடையாளம் காட்டுவோருக்கானது, கலைக்களஞ்சியத்துக்கானதல்ல என்று விக்கிமீடியாவின் சட்ட ஆலோசகர் மைக் காட்வின் மறுத்தார். முத்திரை இன்றும் அங்கே இருக்கிறது.

ஏற்றுபவர்கள் 'சொந்தப் படைப்பு' என்று பொய்யாகக் குறிப்பதை நிறுத்த வேண்டும். அரசு தன் பங்குக்குத் திறந்த தரவு உரிமத்தின் விலக்குப் பட்டியலிலிருந்து இலச்சினைகளை எடுத்துவிட வேண்டும்; தவறான பயன்பாட்டைக் கவனிக்க 1950, 2005 ஆண்டுகளின் சின்னச் சட்டங்களும் மோசடிக்கான குற்றவியல் பிரிவுகளும் இருக்கின்றன.