கலைக்கூடமும் கீழையூர்ச் செங்கல்லும்

பூம்புகாருக்குப் போகிறவங்க 1973இல் கட்டின சிலப்பதிகாரக் கலைக்கூடத்தோட திரும்பிடறாங்க. கண்ணகி கதை அங்கே கல்லுல நிக்குது. நான் பக்கத்துக் கீழையூருக்கும் போனேன். 1962-63 அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் படகுத்துறை அது. அதைப் பார்த்த பிறகு இளங்கோவின் இந்திரவிழவூரெடுத்த காதையைத் திரும்ப வாசிச்சேன்.

பட்டினப்பாக்கத்தில் அரசன், மறையோர், பெருவணிகர். கடலோர மருவூர்ப்பாக்கத்தில் யவனரோடு, மீன் விற்கிற பரதவர், உப்பு விற்கிறவர், தச்சர், கொல்லர், தோல் தைக்கிறவர். நடுவே நாளங்காடி. ஊரைப் பிரிச்சு வச்ச கணக்கு நமக்குப் புதுசா என்ன?

இளங்கோ நம்மை விட்டுடலை. தொழிலைச் சொல்லிப் பட்டியலில் சேர்த்திருக்கார். ஆனா அந்தப் பட்டியலில் ஒருத்தருக்கும் பேரில்லை, பேச்சில்லை. வணிகர் வீட்டுச் சிலம்புக்கு மூணு காண்டம்; தோல் தைச்சவனுக்கு அரை வரி. மண் குழைச்சு, செங்கல் அறுத்து, துறையில் மூட்டை சுமந்த கைகளுக்குக் கலைக்கூடத்திலும் கதை இல்லை.

காப்பியத்தைத் தூக்கியெறியச் சொல்லலை. புகார் எங்களுதும்தான். பெருமை பேசுறவங்க அந்த அரை வரியிலேருந்து பேச்சைத் தொடங்கட்டும்.