பாறை ஓவியப் படங்களும் கோப்பு வடிவமும்: விழுப்புரம் மாவட்டத்தை முன்வைத்து

வல்லம் ஒன்றியம் அடங்கிய விழுப்புரம் மாவட்டத்தில் கீழ்வாலை, செத்தவரைப் பாறை ஓவியங்கள், செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றின் சமணச் சிற்பங்களும் கல்வெட்டும், பனைமலையின் பல்லவர் கால ஓவியம் எனப் படமெடுக்கத் தூண்டுபவை பல. இணையத்தில் இவற்றின் படங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பார்க்க அழகான படம் பலவேளை ஆய்வுக்கு உதவுவதில்லை. குறை கேமராவில் இல்லை. சேமித்த வடிவத்திலும் திருத்திய முறையிலும் இருக்கிறது.

கீழ்வாலையின் செங்காவி ஓவியங்கள் மங்கிப்போனவை. இத்தகைய கோடுகளை மீட்டுக் காண ஆய்வாளர்கள் டி-ஸ்ட்ரெட்ச் என்ற கருவியைப் பயன்படுத்துகின்றனர். இமேஜ்ஜே என்னும் இலவச மென்பொருளுக்காக ஜான் ஹார்மன் எழுதிய செருகுநிரல் இது. கண்ணுக்குப் புலப்படாத நிற வேறுபாட்டைப் பெருக்கிப் பொய்நிறத்தில் காட்டும். ஜேபெக் வடிவமோ கோப்பைச் சிறிதாக்க நிற விவரத்தில்தான் பெரும்பாலும் முதலில் கைவைக்கிறது. படத்தை 8×8 படப்புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அதை டி-ஸ்ட்ரெட்சில் இட்டால் ஓவியத்தோடு கட்டங்களும் பெருகும். காவிக் கோடு எது, சுருக்கத்தின் தடம் எது என்று பிரிப்பது கடினம். வாட்சப் வழியே வந்த படமென்றால் கேட்கவே வேண்டாம்.

ரா கோப்பில் இந்தச் சிக்கல் இல்லை. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள். 14 பிட் ராவில் 16,384. ஆனால் கேனானுக்கு ஒரு ரா, நிக்கானுக்கு வேறொரு ரா. அடோபி 2004இல் வெளியிட்ட டிஎன்ஜியின் கட்டமைப்பு வெளிப்படையானது என்பதால் நெடுங்காலச் சேமிப்புக்கு அதுவே மேல். விக்கிமீடியா பொதுவகம் ரா கோப்புகளை ஏற்பதில்லை. டிஃப் கோப்பை ஏற்கும்; இருந்தும் பதிவேற்றுவோர் ஜேபெக்கோடு நின்றுவிடுவதுண்டு. மூலம் எவருடைய வன்தட்டிலோ தங்கி, அந்தத் தட்டு பழுதாகும்போது அதுவும் போய்விடுகிறது.

மென்பொருளிலும் பார்க்க வேண்டியது மூலம் தப்புகிறதா என்பதையே. டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். மூலக் கோப்பைத் தொடாமல், செய்த திருத்தங்களைத் தனியொரு சிறு கோப்பில் எழுதிவைக்கின்றன. கட்டணம் வாங்கும் லைட்ரூமும் மூலத்தைத் தொடுவதில்லை. கிம்ப் நல்ல கருவிதான், ஆனால் ராவைத் திறக்க இன்னொரு மென்பொருளின் துணை வேண்டும். படத்தை மூடினால் திருத்த வரலாறும் போய்விடும். போட்டோஷாப் இல்லாமல் ஆகாது என்ற பேச்சு கல்யாண ஆல்பத்துக்குப் பொருந்தலாம்.

கல்வெட்டுப் படங்களில் ஆபத்து இன்னும் நுட்பமானது. இரைச்சல் நீக்கும் வசதி சிறு குழிகளை மழுக்கும். கூர்மையாக்கும் வசதி இல்லாத விளிம்பை உண்டாக்கும். திருநாதர்குன்று போன்ற பழங்கல்வெட்டில் ஒரு குழி மெய்யெழுத்தின் புள்ளியா, பாறையின் சிதைவா என்பதே வாசிப்பை மாற்றிவிடும். கைப்பேசிகள் பல இவற்றைக் கேட்காமலே செய்துவிடுகின்றன. தெளிவாக்கிய படத்தை வெளியிடுவோர் திருத்தாத படத்தையும் அருகில் வைத்து, டி-ஸ்ட்ரெட்சில் எந்த நிறவெளி தேர்ந்தனர் (செந்நிறத்துக்கு எல்ஆர்இ வழக்கம்) என்பதையும் குறித்தால், அடுத்து வருபவர் அதைச் சரிபார்க்க முடியும்.