பெயர் சுட்டா அகம்: மைனர் வைட்டின் அரூப ஒளிப்படங்களும் உள்ளுறை மரபும்

முன்னுரை

கலிபோர்னியாவின் குபெர்டினோ நகருக்கு வடக்கே சான் பிரான்சிஸ்கோவும், தெற்கே பாயின்ட் லோபோஸ் கடற்பாறைகளும் அமைந்துள்ளன. 1955இல் நகராட்சியாகும் வரை குபெர்டினோ பழத்தோட்டங்கள் சூழ்ந்த ஊராகவே இருந்தது. அதற்குச் சற்று முன்னர், 1946 முதல் 1953 வரை, மைனர் வைட் (1908–1976) சான் பிரான்சிஸ்கோவில் ஒளிப்படக்கலை கற்பித்தார், அப்பாறைகளைப் படமாக்கினார். குபெர்டினோவில் உருப்பெற்ற கைப்பேசி இன்று எவரையும் மேகத்தையும் சுவர்க்கறையையும் படமெடுக்கச் செய்துள்ளது. எனினும், உருவம் அடையாளம் இழந்த ஒரு படத்துள் எடுத்தவரின் சொந்த வாழ்வு எவ்வாறு பொருளாகிறது என்னும் வினா தீர்ந்துவிடவில்லை. அவ்வினாவைத் தொல்காப்பியம் கூறும் உள்ளுறைக் கருத்தின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

நிகர்வுக் கோட்பாடு

ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922இல் லேக் ஜார்ஜ் என்னுமிடத்தில் மேகங்களைப் படமெடுக்கத் தொடங்கினார். தம் படங்களின் ஆற்றல் படத்தில் இருப்போரின் ஆளுமையால் வந்ததன்று என நிறுவுவது அவர் நோக்கங்களுள் ஒன்று. மேகம் எவருக்கும் உரியதன்று. ஆகவே அதில் காணப்படும் உணர்ச்சி கலைஞனுடையதாகவே இருத்தல் வேண்டும். இப்படங்களைப் பின்னர் அவர் ‘நிகர்வுகள்’ எனப் பொருள்படும் பெயரால் அழைத்தார்.

ஸ்டீக்லிட்ஸின் ஒளிப்படங்கள் 1924இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தை அடைந்ததில், ஈழத் தமிழரான சர் முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமிக்கு முதன்மைப் பங்குண்டு. கலை தனிமனித வெளிப்பாடு அன்று என்று வாழ்நாள் முழுதும் வாதிட்டவர் அவர். தன்னுணர்ச்சியே பொருள் என்ற கலைஞரை அவர் ஏற்றமை முரண்போலத் தோன்றும். ஆனால் சொந்த உணர்ச்சி பொதுவடிவம் பெறும் இடத்திலேயே கலை தொடங்குகிறது எனக் கொண்டால் முரண் நீங்கும். அகத்திணை மரபும் இதனையே வேறு முறையில் கூறுகிறது.

பாறையும் காதலும்

வைட் தாவரவியல் பயின்றவர். பின்னர்ப் பல ஆண்டுகள் கவிதை எழுதியவர். 1946இல் அவர் ஸ்டீக்லிட்ஸைச் சந்தித்தபோது, காதலித்ததுண்டா என்று மூத்தவர் வினவியதாகவும், உண்டு என்றதும் அப்படியாயின் படமெடுக்க இயலும் என்றதாகவும் வைட் நினைவுகூர்ந்துள்ளார். ஆனால் அக்காதலை அவரால் வெளிப்படக் கூற இயலவில்லை. ஆண்களை விரும்பிய வைட்டுக்கு அந்நாளைய கலிபோர்னியச் சட்டமே எதிராக நின்றது. அச்சட்டத்தைத் திருத்தும் மசோதா 1975இல்தான் நிறைவேறியது. தம் மாணவர் ஒருவரை முன்னிறுத்தி 1948இல் உருவாக்கிய படத்தொடர் வைட்டின் வாழ்நாளில் பொதுக்காட்சிக்கு வரவேயில்லை.

அவர் வெளிப்படக் காட்டியவை பாறை, அலை, நுரை, பின்னாளில் சாளரக் கண்ணாடியில் படிந்த உறைபனி ஆகியவையே. அருகிலிருந்து எடுக்கப்பட்டமையால் இவற்றின் அளவும் இடமும் மறைகின்றன. பாறைப்பிளவு உடலாகவும், உறைபனி விண்வெளியாகவும் தோன்றுகின்றன. இவற்றைத் தனித்தனியே காட்டுவதைவிடத் தொடராக அடுக்குவதையே வைட் விரும்பினார். நிகர்வு என்பது படத்தில் உள்ள பொருளன்று, காண்பவர் உள்ளத்தில் நிகழும் செயல் என்று 1963இல் எழுதிய கட்டுரையில் அவர் விளக்கினார்.

ஒப்புமையும் எல்லையும்

உள்ளுறை உவமம் தெய்வம் ஒழிந்த கருப்பொருளை நிலைக்களனாகக் கொண்டு, சொல்லாத பொருளைக் கேட்போர் உணரச் செய்வது. வைட்டின் பாறையும் இவ்வாறே தொழிற்படுகிறது. ஆயினும் வேறுபாடுகள் இரண்டு உள்ளன. முதலாவது, சங்கப் புலவனுக்கும் கேட்போருக்கும் பொதுவான திணை மரபு இருந்தது. நெய்தல் நிலம் இன்ன உணர்வுக்கு உரியது என்பதை இருவரும் அறிந்திருந்தனர். வைட்டுக்கு அத்தகைய மரபில்லை; அக்குறையைத் தொடரின் வரிசையால் அவர் ஈடுசெய்தார். பாடலின் அடியில் ‘தலைவி தோழிக்கு உரைத்தது’ என வரும் துறைக்குறிப்பு செய்யும் பணியை, முன்னும் பின்னும் அமைந்த படங்கள் செய்கின்றன.

இரண்டாவது வேறுபாடு இன்னும் ஆழமானது. அகப்பாடலில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டாமை, காதலை எல்லார்க்கும் பொதுவாக்கும் இலக்கிய நெறி. வைட் பெயர் சுட்டாமை சமூகம் விதித்த கட்டாயம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கூறுவது அவர் பட்ட துன்பத்தை அழகியலாக்கி மறைப்பதாகும்.

எனினும் வாழ்க்கை வரலாறு வெளிப்பட்டபின் ஒவ்வொரு பாறையையும் ஒரு மறைகுறியீடாக மட்டுமே வாசிப்பதும் தவறே. நெடுநல்வாடையில் பாண்டியரின் வேம்பு சுட்டப்பட்டமையால் அது புறம் ஆயிற்று என்றார் நச்சினார்க்கினியர். ஓர் அடையாளப்பூ, முழுப்பாடலின் திணையையே மாற்றவல்லது. காதலர் பெயரை அறிந்ததும் வைட்டின் படங்களைச் செய்தியாகச் சுருக்கும் திறனாய்வும் அகத்தைப் புறமாக்குகிறது.

முடிவுரை

அரூப ஒளிப்படத்தின் சொந்தப் பொருளை அறிய, கலைஞரின் இரகசியத்தைத் தேடுவதைவிட அப்படத்தின் துறையைத் தேடுவதே ஏற்றது: யார், யாரை நோக்கி, எந்நிலையில் பேசுகின்றார் என்பதே வினா. குபெர்டினோவில் வளரும் தமிழ் இளையோர்க்குத் திணைக் கோட்பாடு பெரும்பாலும் ஐந்து நிலங்களின் பட்டியலாகவே சென்று சேர்கிறது. அண்மைக் கடற்கரையில் எடுக்கப்பட்ட பாறைப்படம் ஒன்றை வாசிக்கப் பயன்படும்போது அது உயிருள்ள திறனாய்வுக் கருவியாகும். அவ்வாறு பயன்படுத்துகையில், விரும்பி மேற்கொண்ட மௌனத்தையும் திணிக்கப்பட்ட மௌனத்தையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது.