செல்லுக்குள்ளே தபால் நிலையம் இருக்கா?

செல்லில் புதுசா உருவாகும் புரதம் எப்படித் தன் இடத்துக்குப் போய்ச் சேருது? எந்த அறிமுகக் கட்டுரையைத் திறந்தாலும் தபால் உவமைதான். புரதம் கடிதம், அதன் முனையில் உள்ள சில அமினோ அமிலங்கள் பின்கோடு, கோல்கி என்ற தட்டையான பைகளின் அடுக்கு தபால் நிலையம். குந்தர் புளோபெலுக்கு 1999இல் நோபல் பரிசு கிடைத்ததும் இந்த 'முகவரி' யோசனைக்காகத்தான். தொடங்குவதற்கு நல்ல உவமை. ஆனா அதையே பிடிச்சுக்கிட்டுப் போனா மூணு இடத்துல இடறுவோம்.

முதல்ல பின்கோடு. ஓர் எண் மாறினாலே கடிதம் வேற ஊருக்குப் போயிடும். ஆனா 1987இல் டேவிட் பாட்ஸ்டீன் குழுவினர், ஈஸ்ட்டின் இன்வர்டேஸ் நொதியில் முகவரிப் பகுதியை எடுத்துவிட்டு, ஏதேதோ துண்டுகளை அங்கே ஒட்டிப் பார்த்தார்கள். சுமார் ஐந்தில் ஒரு துண்டு வேலை செய்தது! செல் எழுத்தெழுத்தாக வாசிப்பதில்லை. அந்தப் பகுதி போதுமான அளவு தண்ணீரோடு ஒட்டாமல் இருக்கா என்றுதான் பெரும்பாலும் பார்க்குது.

அடுத்தது தபால் நிலையம். கட்டடம் நிற்கும், கடிதம் நகரும். கோல்கி அப்படியில்லை. 2006இல் இரண்டு குழுக்கள், ஒளிரும் நிறங்களால் அடையாளமிட்ட ஈஸ்ட் செல்களை உயிரோடு படம்பிடித்தன. தொடக்கநிலைப் பையே நிறம் மாறிக் கடைசிநிலைப் பையாக ஆனது. கட்டடமே வளர்ந்து மாறுது!

மூணாவதுதான் எனக்கு முக்கியமாப் படுது. முகவரி இல்லாத கடிதம் தபால் நிலையத்திலேயே கிடக்கணும், இல்லையா? ஐ-செல் நோயைப் பாருங்க. லைசோசோமுக்குப் போக வேண்டிய நொதிகளுக்கு மான்னோஸ்-6-பாஸ்பேட் என்ற சர்க்கரை அடையாளம் கோல்கியில் கிடைக்கும். அதை ஒட்டும் நொதி பழுதானால், அவற்றில் பெரும்பகுதி செல்லை விட்டு வெளியேறி ரத்தத்தில் கலக்குது. நொதிகள் நல்லாத்தான் இருக்கு, இடம்தான் தப்பு. கழிவு செரிக்காமல் சேர்ந்து, பெரும்பாலான குழந்தைகள் சிறு வயதிலேயே இறந்துபோகிறார்கள். அடையாளம் இல்லையென்றால் இந்தப் பாதையின் இயல்பான கடைசி நிறுத்தம் 'வெளியே'.

இதற்கு மறுபக்கமும் உண்டு. செல்லின் மேற்பரப்பிலும் இந்த அடையாளத்தைப் பிடிக்கும் ஏற்பிகள் இருக்கு. அடையாளமிட்ட நொதியை ரத்தத்தில் ஏற்றினால், செல் அதை உள்ளே இழுத்து லைசோசோமுக்கு அனுப்பும். பொம்பே நோய்க்கான நொதிச் சிகிச்சை இதை நம்பித்தான் நடக்குது. தபால் உவமையை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் சிகிச்சையை யாரும் யோசிச்சிருக்க முடியாது.

உவமை சொல்லுங்க, தப்பில்லை. அது எதுவரைக்கும் பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க.