இரவல் மொழியும் சொந்த முகமும்

சகோதரர்கள் சேர்ந்து பாடுவது நமக்குப் புதிய விஷயம் அல்ல. திருவீழிமிழலை சகோதரர்கள் நாதஸ்வரம் வாசித்தார்கள். ஆலத்தூர் சகோதரர்கள் வாய்ப்பாட்டில் கொடி நாட்டினார்கள். இதில் ஒரு வேடிக்கை, ஆலத்தூர்க்காரர்கள் இருவரும் கூடப் பிறந்தவர்களே அல்லர். இரண்டு பேர் ஒரு தம்பூராவுக்கு முன்னால் ஒழுங்காக உட்கார்ந்து பாடிவிட்டால் அவர்களைச் சகோதரர்களாக்கிவிடுகிற தாராள மனசு நம்முடையது. ஆனால் கிதாரும் டிரம்ஸுமாக மேடையில் நின்றுகொண்டு, சினிமாவின் தயவு இல்லாமல், முப்பது நாற்பது வருஷம் ஜனங்களுக்குப் பாடிக் காட்டிய உண்மையான சகோதரர்கள் தமிழில் யார் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டமாயிருக்கிறது. நான் யோசித்துப் பார்த்தேன். என் யோசனை சென்னைத் துறைமுகத்தைத் தாண்டி, கடல் கடந்து, பினாங்குக்குப் போய்த்தான் நின்றது.

அங்கே லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்று இரண்டு சகோதரர்கள். 1960-களின் இறுதியில் தொடங்கிய அவர்களுடைய கோஷ்டிக்குப் பிற்பாடு நிலைத்த பெயர் 'ஆலிகேட்ஸ்'. தமிழில் சொன்னால் சந்துப் பூனைகள். வீட்டுப் பூனைக்குக் கிண்ணத்தில் பால் கிடைக்கும். சந்துப் பூனை தன் சாப்பாட்டைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். பெயர் வைத்தவர்கள் இதையெல்லாம் நினைத்து வைத்தார்களோ என்னவோ, பெயர் பொருந்திவிட்டது. 1970-களில் சில வருஷங்கள் ஹாங்காங்கின் இரவு விடுதிகளில் வாசித்தார்கள். பிறகு ஊர் திரும்பி, பாலிகிராம் கம்பெனிக்கு மலாய் மொழியில் இசைத்தட்டுப் பாடினார்கள். மலேசியாவில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்களாகிவிட்டார்கள். தலையைச் சுற்றிப் பந்து கட்டியதுபோல் சுருண்டு நின்ற 'ஆஃப்ரோ' கேசம் அவர்களுடைய விலாசம். இருட்டில் நிழலைப் பார்த்தாலே இன்னார் என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கதையில் எனக்கு அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் இருப்பது ஆரணி. பட்டுப் புடவை ஆரணி அல்ல; அது வேறு. இது ஆரணியாற்றின் கரையில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர். மலேசியாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய நண்பர் ஒருவர் இங்கே எனக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். ஆலிகேட்ஸ் பாட்டுகளை முதன்முதலில் எனக்குப் போட்டுக் காட்டியவர் அவர்தான். போட்டுக் காட்டிய கையோடு ஒரு குறையும் சொன்னார்.

"எல்லாம் சரிதான் ஸார். தமிழனாப் பொறந்துட்டு மலாய்க்காரன் பாஷையில பாடிப் பேர் வாங்கினாங்களே, அது ஒண்ணுதான் மனசுக்கு ஒப்பலை."

இது அவர் ஒருவருடைய குறை அல்ல. வெளிநாட்டில் நம்மவர் ஒருவர் பெரிய மனிதராகிவிட்டால் முதலில் 'தமிழன்!' என்று மார்தட்டுகிறோம். அடுத்த நிமிஷமே 'தமிழுக்கு என்ன செய்தான்?' என்று கணக்குக் கேட்கிறோம். கணக்குக் கேட்பதில் தவறில்லை. ஆனால் கணக்கு என்றால் வரவு, செலவு இரண்டு பக்கமும் எழுத வேண்டாமா?

முதலில் மலாய்ப் பக்கத்தைப் பார்ப்போம். மலாய்ப் பாட்டு என்றால் வெகு காலம் வரை பி. ராம்லிதான். 1929-ல் அதே பினாங்கில் பிறந்தவர். நடிகர், பாடகர், இசையமைப்பாளர், டைரக்டர் எல்லாம் அவரே. அவரை முதன்முதலில் கதாநாயகனாக்கிய 'பக்தி' என்ற 1950-ம் வருஷத்துப் படத்தை டைரக்ட் செய்தவர் எல். கிருஷ்ணன் என்ற தமிழர். ஆக, மலாய்க் கலையின் கூடத்தில் தமிழன் கால் வைத்தது ஆறுமுகம் சகோதரர்களோடு ஆரம்பித்த சமாசாரம் அல்ல. ஆனால் கிருஷ்ணன் காமிராவுக்குப் பின்னால் இருந்தார். முகம் ராம்லியுடையது.

பிறகு என்ன நடந்தது? ராம்லி பல காலம் வேலை செய்த சிங்கப்பூர் ஷா சகோதரர்களின் மலாய் ஸ்டூடியோ 1967-ல் மூடப்பட்டது. ராம்லி 1973-ல் காலமானார். அதற்கு முன்பே, 1961-ல் கிளிஃப் ரிச்சர்ட் சிங்கப்பூருக்கு வந்து பாடிவிட்டுப் போன நாளிலிருந்து, அந்தப் பிரதேசத்து வாலிபர்கள் மின்சாரக் கிதாரைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். சினிமாவின் பிடி தளர்ந்ததும் பாட்டு படத்தை விட்டு வெளியே வந்து இசைத்தட்டிலும் காஸெட்டிலும் தனிக்குடித்தனம் நடத்தத் தொடங்கியது. அங்கேதான் லோகநாதனுக்கும் டேவிட்டுக்கும் இடம் கிடைத்தது.

இப்போது நம் பக்கத்தைப் பாருங்கள். பாகவதர் காலத்தில் பாடினவரே நடித்தார். குரலும் முகமும் ஒரே ஆளுடையவை. பின்னணி பாடும் வழக்கம் வந்த பிறகு குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது என்று ஆயிற்று. எம்.ஜி.ஆர். வாயசைத்தாலும் சிவாஜி வாயசைத்தாலும் பாடியவர் டி.எம். சௌந்தரராஜன்தான். அற்புதமான கலை அது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில், தன் பாட்டைத் தன் முகத்தோடு, தன் பெயரில், ரசிகனின் கண்ணைப் பார்த்துப் பாடுகிறவனுக்கு இடமில்லாமல் போயிற்று. நம் சினிமா ஸ்டூடியோக்கள் ஒன்று மூடினால் இன்னொன்று திறந்தது. பாட்டுக்கு வெளியே வர வாசலே கிடைக்கவில்லை.

ஒருவர் முயன்றார். இலங்கையிலிருந்து வந்த ஏ.இ. மனோகரன். 1970-களில் 'சுராங்கனி' பாடாத கல்லூரி விழா உண்டா? தமிழில் பாப் பாடகர் என்று சொல்லத்தக்க முகம் அவருடையது. ஆனால் அவரும் சென்னைக்கு வந்து, சினிமாவில் அடியாளாகவும் வில்லனாகவும் வேஷம் கட்ட வேண்டியிருந்தது. 2018 ஜனவரியில் அவர் காலமானபோது ஜனங்கள் அந்தப் பாட்டைத்தான் நினைத்தார்கள், வேஷங்களை அல்ல. இருந்தாலும், பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்க இந்த ஊர் அவரை விடவில்லை.

ஆகவே என் நண்பர் கேட்ட கேள்வியை நான் திருப்பிப் போடுகிறேன். ஆறுமுகம் சகோதரர்கள் தமிழில்தான் பாடுவோம் என்று கோடம்பாக்கத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஏதாவது ஓர் இசையமைப்பாளர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்திருப்பார்கள். வாய்ப்புக் கிடைத்தால், கதாநாயகன் கிளப்பில் ஆடும் காட்சிக்குப் பின்னால் இரண்டு வரி பாடியிருப்பார்கள். அந்தச் சுருட்டை முடியைப் பார்த்து ஹாஸ்ய நடிகர் ஒருவர் கிண்டல் செய்திருப்பார். சொந்த மொழியில் இரவல் முகமா, இரவல் மொழியில் சொந்த முகமா என்பதுதான் அவர்களுக்கு முன்னால் இருந்த கேள்வி. அவர்கள் சொந்த முகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சுதந்திர புத்தி என்று நான் சொல்வது இதைத்தான்.

அவர்கள் பாட வந்த காலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1969 மே 13-ந் தேதி கோலாலம்பூரில் இனக் கலவரம் வெடித்தது. 1971-ல் தேசியக் கலாசாரம் எது என்பதற்கு மகாநாடு கூட்டி, மலாய்ப் பண்பாடே அடிப்படை என்று தீர்மானித்தார்கள். அப்படிப்பட்ட தசாப்தத்தில், லோகநாதன் ஆறுமுகம் என்ற பெயரை மாற்றிக்கொள்ளாமல், கறுத்த முகத்துக்குச் சமாதானம் சொல்லாமல், மலாயில் காதல் பாட்டுப் பாடி மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரையும் ஒருங்கே கேட்க வைப்பதென்றால் அது லேசான காரியமா? 'செஞும்லா கோலாலம்பூர்' என்று அவர்களுடைய பாட்டு ஒன்று. 'புன்னகை செய், கோலாலம்பூரே' என்று அர்த்தம். அந்த நகரத்தைப் பார்த்து அப்படிச் சொல்லும் உரிமை அவர்களுக்குத் தானமாக வந்ததல்ல. பாடிச் சம்பாதித்தது.

பாட்டுகள் எப்படி? மிகச் சிறந்தது 'ஹிங்கா ஆக்கிர் நந்தி' என்பது என் அபிப்பிராயம். 'முடிவு வரைக்கும்' என்று பொருள். மெட்டு எம். நாசிருடையது, சிங்கப்பூரில் பிறந்து மலாய் இசையில் பெரும் பெயர் எடுத்தவர். மெதுவான பாட்டு. பாடும் முறையில் ஓர் அடக்கம் இருக்கிறது. உருக்கத்தைக் காட்டக் குரலைப் பிழிவதில்லை. மலாய்ச் சொற்களின் உயிரெழுத்துக்கள் திறந்த வாயோடு முடிகிறவை. அவற்றின் மேல் குரலை அழகாகச் சாய்த்துவிட்டு நகர்ந்து போகிறார்கள். மொழி தெரியாத எனக்கே மனசு இளகுகிறது.

குறையும் சொல்லத்தான் வேண்டும். பத்துப் பாட்டைத் தொடர்ந்து கேட்டால் ஐந்தாவதிலேயே தித்திப்பு திகட்டுகிறது. காதல், பிரிவு, காத்திருப்பு, மறுபடியும் காதல். பக்க வாத்தியங்களும் சில தட்டுகளில் ஹோட்டல் கூடத்து நாசூக்கைத் தாண்டுவதில்லை. அமெரிக்காவில் 'ஸ்பார்க்ஸ்' என்ற பெயரில் ரான் மெய்ல், ரஸ்ஸல் மெய்ல் என்று இரண்டு சகோதரர்கள் இருக்கிறார்கள். முதல் இசைத்தட்டு 1971-ல். ஒரு பாணியில் பேர் கிடைத்ததும் அதை உதறிவிட்டு அடுத்த பாணிக்குத் தாவுவது அவர்கள் வழக்கம். 1974-ல் லண்டனில் ராக் பாடிப் பிரபலமானவர்கள், 1979-ல் கிதாரைத் தள்ளிவிட்டு மின்சார யந்திரங்களோடு வந்து நின்றார்கள். 2008-ல் அதுவரை வெளியிட்ட 21 ஆல்பங்களையும் 21 இரவுகளில், இரவுக்கு ஒன்றாக, முழுசாகப் பாடினார்கள். சினிமா எடுக்கும் ஆசை பல முறை கைநழுவி, கடைசியில் 2021-ல் 'அனெட்' படமாக வந்தது. அப்படிப்பட்ட துணிச்சலை ஆலிகேட்ஸிடம் எதிர்பார்த்தால் ஏமாந்து போவோம். ஸ்பார்க்ஸின் சுதந்திரம் மாறிக்கொண்டே இருந்ததில். இவர்களுடைய சுதந்திரம் மாறாமல் நின்றதில். எது உசத்தி என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் தன் நாட்டில், தன் மொழியில் பாடுகிறவன் மாறுவதற்கும், பிறர் மொழியில் இடம் பிடித்தவன் மாறுவதற்கும் கொடுக்கவேண்டிய விலை ஒன்றல்ல என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

'அண்டைஞா ஆக்கு பெர்கி டுலு' என்று இன்னொரு பாட்டு. 'ஒருவேளை நான் முதலில் போய்விட்டால்' என்று அர்த்தம். காதலர்களுக்காக எழுதிய பாட்டுத்தான். ஆனால் 2007 ஜூன் மாதம் லோகநாதன் நுரையீரல் புற்றுநோயால் காலமான பிறகு, அந்தப் பாட்டின் தலைப்பைக்கூடக் காதலர்களோடு மட்டும் நிறுத்திக்கொள்ள முடியவில்லை. டேவிட் கோஷ்டியைக் கலைக்கவில்லை. அண்ணன் தம்பி ஜோடியில் ஒரு குரல் போனபின் மற்றது பாடுவதென்பது, ஒரு காலால் நடப்பதுபோல. அவர் நடந்தார். அதே பெயரில், அதே பாட்டுகளை, அதே மொழியில் பாடினார்.

என் நண்பருக்கு இவ்வளவும் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொண்டுவிடவில்லை. "நம்ம பாஷைக்கு நஷ்டந்தானே ஸார்?" என்றார். நஷ்டந்தான். ஆனால் அதை யார் கணக்கில் எழுதுவது? பாட்டை சினிமாவுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தனியாகப் பாடுகிறவனுக்குத் திண்ணைகூடக் கொடுக்காத நம் கணக்கில் அல்லவா எழுத வேண்டும்?

கும்மிடிப்பூண்டி ஆலைகளுக்கு இன்று ஒரிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பையன்கள் வேலைக்கு வருகிறார்கள். நாள் முழுதும் வேலை செய்துவிட்டு, டீக்கடை வாசலில் தமிழ் சினிமாப் பாட்டை முணுமுணுக்கிறார்கள். உச்சரிப்பு தவறினால் சிரிக்கிறோம். அவர்களில் ஒருவன் நாளைக்கு நல்ல தமிழ்ப் பாட்டு ஒன்றை, தன் ஊர்ப் பெயரை மறைக்காமல், தன் முகத்தோடு நம் முன்னால் நின்று பாடினால், மலாய்க்காரர் ஆறுமுகத்தின் பிள்ளைகளுக்குக் கொடுத்த இடத்தை நாம் அவனுக்குக் கொடுப்போமா? லோகநாதனும் டேவிட்டும் தமிழுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பதற்கு முன், இந்தக் கேள்விக்கு நாம் பதில் சொல்லிவிடுவது நல்லது.